ஏற்றலாமா, பொறுக்கலாமா?



2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பு முடிந்தது. மறுநாள் காலை அந்தக் கணினிகளெல்லாம் வழக்கம்போல எழுந்தன. கணக்கு மென்பொருளான டாலி திறந்தது. பிரிண்டர் அச்சடித்தது. ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா, சும்மா பயமுறுத்தினார்கள்" என்று பலரும் சொன்னார்கள். நான் இன்று பேச வந்திருப்பது அந்த "ஒன்றும் ஆகவில்லை" என்பதைப் பற்றித்தான்.

பராமரிப்பு முடிந்தது என்றால் என்ன பொருள்? ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு அது செவ்வாய் இரவு, மைக்ரோசாஃப்ட் தன் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. 2003-லிருந்து இது ஏறத்தாழ ஒரு பஞ்சாங்கம் மாதிரி நடந்துவருகிறது. இதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. ஓட்டையை அடைப்பதே ஓட்டை எங்கே இருந்தது என்று ஊருக்குச் சொல்வதுதான். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களும் உண்டு, கெட்டவர்களும் உண்டு. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அடிப்படைப் பாகங்கள் பெரும்பாலும் பொது. ஆகவே 11-க்கு மாதாமாதம் வருகிற திருத்தத்தில் சிலவாவது, 10-இல் அடைபடாமல் கிடக்கும் ஓட்டைக்கு வழிகாட்டும். அக்டோபர் 15 காலையில் ஒன்றும் ஆகாதது உண்மை. ஆனால் அந்த நாளிலிருந்து மாதத்துக்கு மாதம் ஆபத்து கூடுகிறது. கூடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் கடைகளில் "அப்டேட்" என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று, மாதாந்திரத் திருத்தம். இன்னொன்று, இயங்குதளத்தையே மாற்றுவது. 7-லிருந்து 10-க்கு, 10-லிருந்து 11-க்குப் போவது. முதலாவது சின்னது, அவசரமானது. இரண்டாவது பெரியது, நிதானமாகச் செய்யவேண்டியது. பெரியதைக் கண்ட பயத்தில் சின்னதையும் நிறுத்திவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. "சார், அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சுட்டேன், இனிமே தொந்தரவு இல்ல" என்று சர்வீஸ்காரர் சொல்லிவிட்டுப் போவார். முதலாளியும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் மைக்ரோசாஃப்டுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2016-இல் விண்டோஸ் 10-ஐ இலவசமாகத் தருகிறேன் என்று ஒரு பெட்டி திரையில் முளைத்தது நினைவிருக்கும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் எந்தச் சாளரமும் மூடிக்கொள்ளும் என்று உலகமே பழகியிருந்தது. அந்தப் பெட்டியில் மட்டும் அதை அழுத்தினால், குறித்த நேரத்தில் ஏற்றிக்கொள்ளச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவரே அந்த ஆண்டு இறுதியில், அது எல்லை மீறிய செயல் என்று ஒப்புக்கொண்டார். அப்படி ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த பத்தாண்டுக்கு எந்தப் பெட்டியையும் நம்பமாட்டார். நம்பாததில் தப்பில்லை. ஆனால் அந்த அவநம்பிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையை அது அடைத்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அந்த ஓட்டைக்கென்று செய்துவைத்திருந்த கருவி வெளியே கசிந்தது. அதே ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை, அந்தக் கருவியைக் கொண்டு செய்த வான்னாக்ரை என்கிற கிருமி கிளம்பியது. திருத்தம் வந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்கவேண்டியதில்லை. வலையமைப்பில் ஒரு கணினி விழுந்தால் பக்கத்துக் கணினியைத் தானே தேடிப் போய்த் தொற்றும். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்கும். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை தந்தது. ஐந்து பகுதிகளில் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினார்கள். நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் மாட்டிக்கொண்டன.

அப்போது செய்திகளில் எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத்தான் திட்டினார்கள். தணிக்கை அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. அங்கே தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்குப் பராமரிப்பில் இருந்த இயங்குதளம்தான். மார்ச் மாதத் திருத்தம் அதற்கும் கிடைத்தது. யாரும் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனையில் எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே விண்டோஸ் உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டால் கருவி செய்த நிறுவனம் பொறுப்பேற்காது. இதே நிலைமை நம் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் இருக்கிறது, ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடையிலும் இருக்கிறது. "என் கணினியில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வான்னாக்ரை யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. கதவு திறந்திருந்த வீட்டுக்கெல்லாம் போனது.

சரி, அப்படியானால் வந்தவுடன் ஏற்றிவிட வேண்டியதுதானே? கூடாது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் அரையாண்டுப் பெரிய மேம்பாடு வெளியானது. 1809 என்று எண். ஏற்றிய சிலரின் ஆவணங்கள், படங்கள் எல்லாம் காணாமல் போயின. குப்பைத் தொட்டியில்கூட இல்லை. காரணம் விசித்திரமானது. சி டிரைவ் நிரம்பிவிடுகிறதே என்று "டாக்குமெண்ட்ஸ்" கோப்புறையை டி டிரைவுக்குத் திருப்பி வைத்திருப்பவர்கள் உண்டு. நம்மிலும் பலர் செய்திருப்போம். சர்வீஸ்காரர் சொல்லித் தருகிற முதல் பாடமே அதுதான். அப்படித் திருப்பிய பிறகு, பழைய இடத்தில் ஒரே பெயரில் இன்னொரு கோப்புறை மிச்சமாகத் தெரியும். அது எரிச்சலாக இருக்கிறது என்று சிலர் முறையிட்டார்கள். அதைத் துப்புரவு செய்கிறேன் என்று மேம்பாட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். பழைய இடத்திலேயே கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களின் கோப்புகளும் சேர்ந்து துப்புரவாகிவிட்டன. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது. மறுபடி வெளியிட்டது நவம்பர் 13 அன்று. கோப்பிழப்பைப் பற்றி முறையிட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது. அந்த ஒருவருக்கு அது முழு இழப்பு.

இதில் என்னை உறுத்துகிற பகுதி வேறு. வெளியீட்டுக்கு முன்பே, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் இதே இழப்பைப் புகாராக எழுதியிருந்தார்கள். அந்தப் புகார்களுக்கு அதிகம் பேர் ஆதரவு வாக்கு போடவில்லை. அதனால் அவை கீழே போய் மறைந்துவிட்டன. பெரும்பான்மை வாக்கெடுப்பு அரசியலுக்குச் சரி. கோப்பு அழிகிறதா என்பதை வாக்கெடுத்துத் தீர்மானிக்க முடியாது.

ஆக, ஒரு பெரிய மேம்பாட்டுக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றன. புதியது வெளியாகும் தேதி ஒன்று. பழையதன் பராமரிப்பு முடியும் தேதி மற்றொன்று. முதல் தேதியை ஒட்டி ஏற்றுபவர் கம்பெனிக்குச் சம்பளமில்லாத சோதனையாளர். இரண்டாம் தேதியைக் கடந்தும் இருப்பவர் கிருமிக்காரனுக்குத் திறந்த வீடு. இடைப்பட்ட காலம் நம்முடையது. விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5. பத்தின் கெடு 2025 அக்டோபர். நான்கு வருடம் நம் கையில் இருந்தது. அதை யோசனை செய்யாமல் கழித்துவிட்டு, கடைசி வாரத்தில் சர்வீஸ்காரரைத் தேடி ஓடினோம். எல்லோரும் பொறுத்திருந்தால் யார்தான் சோதிப்பது என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டில் விளையாட்டுக்கு ஒரு கணினி வைத்திருக்கும் மாணவரே, நீங்கள்தான். கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமையை எதிர்நோக்கியிருக்கும் அச்சகக்காரர் அல்ல.

தமிழுக்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள உறவு கொஞ்சம் சுவாரசியமானது. புதிய இயங்குதளம் எல்லாம் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விண்டோஸ் 98-இல் யுனிகோடு தமிழ் கிடையாது. விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு அது வந்தது. அதற்குப் பிறகு வந்த எக்ஸ்பியிலும், கன்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, சிடியைச் செருகினால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காரும். இல்லையென்றால் எழுத்துகள் உதிரியாக நிற்கும். பல கணினிகளில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். 2010-இல் ரூபாய்க்குக் குறியீடு வந்தது. வடிவமைத்தவர் உதயகுமார், நம்மவர். அந்த ஆண்டே யுனிகோடில் அது ஏறியது. ஆனால் விண்டோஸ் 7-இல் அது தெரியவேண்டுமானால் ஒரு அப்டேட்டை ஏற்றியாக வேண்டும். அப்டேட்டை நிறுத்திவைத்திருந்தவர்களின் ரசீதுகளில் ரூபாய் நின்ற இடத்தில் கட்டம்தான் நின்றது.

ஆனால் இதே தமிழ்தான் நம்மைப் பழைய கணினியில் கட்டிப்போட்டும் வைத்திருக்கிறது. அச்சக நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கம் கோர்க்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-இல். அதோடு அதன் வளர்ச்சி நின்றது. யுனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களில் கோர்க்கிறோம். அந்த எழுத்துரு இருக்கும் வரை அது தமிழ். அது போய்விட்டால், முப்பது வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

இங்கேதான் "ஃபார்மேட் அடித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன்" என்கிற வார்த்தை ஆபத்தாகிறது. "டேட்டா எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன் சார்" என்று சர்வீஸ் பையன் சொல்வார்; உண்மையாகவே எடுத்தும் வைத்திருப்பார். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ். எழுத்துருக்கள் இருப்பது அங்கெல்லாம் இல்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்கிற இடத்தில். அதை யாரும் தொடுவதில்லை. ஃபார்மேட் அடித்தபின் போனது போனதுதான். அந்த எழுத்துருவை விற்ற கடை இன்று இருக்காது. டாலியின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அதன் தரவு பெரும்பாலும் சி டிரைவில், டாலியின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும். கேட்டு வாங்கி, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட் அடிக்க அனுமதி கொடுக்கவேண்டும். நகல் எடுத்தாகிவிட்டது என்பதற்கு, அந்த நகல் திறக்கிறது என்பது மட்டுமே சாட்சி.

மண்டிக் கடைகளிலும் சில சங்கங்களிலும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் இன்றும் ஓடுகிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று மூன்று பிரதி எடுக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. அது ஓடுவது 32-பிட் விண்டோஸில். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அங்கே அந்த நிரல் நேரடியாக ஓடாது; டாஸைப் போல நடிக்கும் தனி மென்பொருள் ஒன்றுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், பிரிண்டர் ஒத்துழைக்குமா என்பதைப் பரீட்சித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அதைத் தொடவேண்டிய நேரம் கெடுவுக்கு முந்தைய வாரம் அல்ல.

இப்போது உங்கள் கணினி 11-ஐத் தாங்குமா என்கிற கேள்வி. அதிகாரப்பூர்வ நிபந்தனை 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம். 4 ஜிபியில் அது ஏறும். வேலை செய்ய முடியும் என்று நான் சொல்லமாட்டேன். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் இறங்காதீர்கள். உண்மையான முட்டுக்கட்டை இரண்டு. ஒன்று செயலி: இன்டெல் என்றால், ஒருசில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை முதல்தான். 2016-இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ-5, இன்றும் திடமாக ஓடிக்கொண்டிருந்தாலும், பட்டியலில் இல்லை. இது பொறியியல் தேவையா வியாபாரத் தேவையா என்று என்னைக் கேட்டால், இரண்டும் என்பேன்; இரண்டாவது கொஞ்சம் தூக்கல். மற்றொன்று டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. "மதர்போர்டு மாற்றணும் சார்" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பல கணினிகளில் அது செயலிக்குள்ளேயே இருக்கும். பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். இயக்கிவிட்டால் போதும்.

நிபந்தனையைக் குறுக்கு வழியில் தாண்டி ஏற்றித் தருபவர்களும் உண்டு. ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து திருத்தம் கொடுப்போம் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. எந்தத் திருத்தத்துக்காக மாறினோமோ அதற்கே உறுதி இல்லை. வீட்டில் பிள்ளைகள் படம் பார்க்கும் கணினிக்குச் செய்யுங்கள். அலுவலகக் கணினிக்கு வேண்டாம்.

எந்த நாளில் ஏற்றுவது? கணக்காளர்களுக்கு என் யோசனை: மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் முடிந்த மறுநாள். ஏன் என்றால், இருப்பதன் மேலேயே 11-ஐ ஏற்றினால், பழைய இயங்குதளம் ஒரு கோப்புறையில் பத்து நாள் பத்திரமாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பத்து நாளுக்குள் ஒரே பொத்தானில் திரும்பிவிடலாம். 21-இல் ஏற்றினால் மாத முடிவுக்குள் தெரிந்துவிடும். அந்தப் பத்து நாளில் உண்மையான வேலைகளைச் செய்து பாருங்கள்: டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகிக் கையொப்பம் இடுங்கள், ஸ்கேனரில் ஒரு பக்கம் எடுங்கள், டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் அடியுங்கள். டெஸ்க்டாப்பைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டு, பதினோராம் நாள் டோக்கன் வேலை செய்யவில்லை என்று வந்தால் கதவு மூடியிருக்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம், பெரிய தலைவலி. புதிய கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் ஆகிவிடுகிறது, பிட்லாக்கர் என்பார்கள். பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யார் பெயரில்? பெரும்பாலும் கணினி வாங்கிய அன்று சர்வீஸ் பையன் அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சல். அந்த எண்ணை இன்றைக்கே காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

மாற முடியாதவர்கள் என்ன செய்வது? வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 30 டாலர் கட்டலாம்; அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் கட்டணமில்லை. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு, மூன்றாண்டு வரைதான். இது விடுதலை இல்லை, வாய்தா. வாய்தா வாங்குபவர் அடுத்த தேதிக்குள் என்ன செய்யப்போகிறார் என்று எழுதிவைத்துக்கொண்டு வாங்கவேண்டும்.

உலாவி, மின்னஞ்சல், கடிதம், வீடியோ, இவ்வளவுதான் என் வேலை என்பவருக்கு லினக்ஸ் மின்ட் போதும். அந்த 2016 ஐ-5 கணினி அதில் புதிதுபோல ஓடும். யுனிகோடு தமிழும் எந்தச் சிரமமும் இல்லாமல் வரும். கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் டாலி வேண்டும், பேஜ்மேக்கர் வேண்டும் என்பவரிடம் நான் லினக்ஸை விற்கமாட்டேன். கொள்கைக்காகப் பிறருடைய பிழைப்பைப் பணயம் வைக்கக் கூடாது.

பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் ஃப்ளெக்ஸ் இயந்திரத்தின் ரிப் மென்பொருளும் இருக்கிற அந்த ஒரு கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் அதன் வலைக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப், வங்கி எல்லாம் வேறு கணினியில். கோப்பு போய்வர ஒரே ஒரு பென்டிரைவ், அதுவும் திருத்தங்கள் ஏறிய கணினியில் சோதித்த பிறகு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை நேராக அதில் செருகும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் இந்த ஏற்பாட்டைக் கவிழ்க்கும். வாடிக்கையாளர் நின்றுகொண்டு அவசரப்படுத்துவார் என்று தெரியும். இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

கிராக் போட்ட விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பற்றி அமைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கைதூக்கச் சொல்லமாட்டேன். திருத்தம் ஏற்றினால் கிராக் போய்விடுமோ என்று அப்டேட்டை நிறுத்திவைத்திருப்பீர்கள். அந்த கிராக் கோப்பு எங்கிருந்து வந்தது, கூடவே என்ன கொண்டுவந்தது என்பதும் தெரியாது. உங்களுக்கு 11-ஆ 10-ஆ என்கிற விவாதமே பொருந்தாது. இப்போதைக்கு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். மற்றதைக் கூட்டம் முடிந்து தனியாகப் பேசுவோம். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். முதலில் பின்வரிசையிலிருந்து.